விசில் அக்காவின் கெண்டைக்கால்

கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அவள் விசில் அக்கா. அவளுக்கு முகங்கள் சட்டென்று பிடிபடாது, கால்கள்தான் பிடிபடும். கடைத்தெருவில் யாராவது நின்று சிரித்தால் ஒரு கணம் விழிப்பாள். பிறகு குனிந்து செருப்பைப் பார்ப்பாள். "அட நீயா, போன மாசம் சேத்துப்புண்ணை மறைச்சுக்கிட்டு வந்தவதானே" என்று நாலு பேர் காதில் விழச் சொல்லுவாள். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, கோபித்துக்கொண்டு போனவர்களும் மறுவாரமே திரும்பி வந்தார்கள்.

பொது நீச்சல் குளத்தில் காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை பெண்கள் நேரம். குளியலறையிலிருந்து குளத்துக்கு வரும் வழியில் முழங்கால் உயரத்தில் ஒரு சிமெண்டுத் திட்டு இருக்கிறது. வருகிறவள் வங்கி மேனேஜராகவே இருக்கட்டும், அதன்மேல் வலது காலை வைக்க வேண்டும், அப்புறம் இடது காலை. அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். விரலிடுக்கு, குதிகால், முழங்கால், கடைசியில் இரண்டு கைகள். சிராய்ப்பு இருந்தால் வெளியே. கொப்புளம் இருந்தால் வெளியே. "காஞ்சுபோச்சுக்கா, பொருக்கு விழப்போகுது" என்று யாராவது இழுத்தால், "விழட்டும், விழுந்தப்புறம் வா" என்பாள். புண்ணோடு இறங்கக்கூடாது என்று சுவரில் பலகை இருக்கத்தான் செய்கிறது. மற்ற நேரங்களில் காவல் பார்க்கும் ஆண்கள் அந்தப் பலகையில் துண்டைக் காயப்போடுவார்கள்.

இவள் இந்தக் குளத்துக்கு வந்தது நீந்துவதற்கு இல்லை. இருபத்தாறு வயதில் பெண்கள் உடை மாற்றும் அறையைக் கூட்டித் துடைக்க வந்தாள். பதினோரு வருஷம் துடைத்தாள். நடுவில், குளம் மூடியிருக்கும் திங்கட்கிழமை மத்தியானங்களில், பிறர் நீந்துவதைப் பார்த்துப் பார்த்து மனதில் ஏற்றிக்கொண்டதை வைத்துத் தானே கை காலை அடிக்கப் பழகினாள். குளத்துத் தண்ணீர் மோட்டாரை ஓட்டுகிற அண்ணன் யாரும் வராமல் வாசலில் பார்த்துக்கொண்டார். குடித்த தண்ணீருக்குக் கணக்கில்லை. முப்பத்தேழாவது வயதில் உயிர்காப்பாளர் பரீட்சை எழுதி, அதாவது நீந்தி, சீட்டு வாங்கினாள். குளத்தோரம் சீட்டு வைத்திருக்கிற ஒரு பெண் நின்றால்தான் பெண்களுக்கு என்று தனி நேரம் விடலாம் என்பது விதி. இவள் வந்த பிறகுதான் அந்த ஒரு மணி நேரமே வந்தது. இன்றைக்கு நாற்பது பெண்கள் வருகிறார்கள். ஒன்பது வருஷமாக இவள்தான் அங்கே ராணி, நான் மிகைப்படுத்தவில்லை.

அந்தச் சீட்டை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரே ஒரு நாள் பரீட்சை. அந்த நாளுக்குச் சரியாகப் பதினாறு நாள் முன்னால், ஆழப் பக்கத்து இரும்பு ஏணியில் ஏறும்போது அடிப்படியின் உடைந்த முனை அக்காவின் இடது கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. எட்டுத் தையல். புடவைக்குள் மறைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள், குளத்துக்கு வருகிறவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

தையல் பிரித்தது பதினோராம் நாள். பிரித்தது அவளுடைய தங்கைதான். மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப்போடும் அறையில் நர்ஸாக இருக்கிறாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுச் சமையலறையில், அக்காவின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, காயத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"மேல்தோல்தான் ஒட்டியிருக்கு. உள்ள இன்னும் பச்சைப் புண்ணு. இன்னும் மூணு வாரம் தண்ணில கால் வைக்கக்கூடாது."

"குளிக்கக்கூடாதா?"

"என்கிட்ட வேலைய காட்டாத. நான் குளத்தைச் சொல்றேன்."

"குளத்துல குளோரின் மருந்து போடுறாங்கடி. உன் ஆஸ்பத்திரியை விட சுத்தம்."

"அந்த மருந்தே புண்ணை ஆற விடாது. ஊறிப்போய் பிரிஞ்சுதுன்னா, அத்தனை பேர் உடம்புல இருக்கிறதும் உள்ள போகும். சீழ் பிடிச்சு வர்ற கால்களை நான் தினம் பார்க்குறேன். பரீட்சைய அடுத்த வருஷம் எழுது."

அடுத்த வருஷமாம். அக்கா ஏற்கெனவே பரீட்சை ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டாள். அன்றைக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். இந்த மாதக் கடைசியோடு அவள் சீட்டு காலாவதி. அப்புறம் குளத்தோரம் நிற்கக்கூடாது. மறுபடியும் துடைப்பம்தான்.

தங்கையிடம் அவள் இவ்வளவும் சொன்னாள். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்த வருஷப் பரீட்சைக்கு அவள் கையாலேயே இன்னொரு பெண்ணுக்கும் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்திருந்தாள். பேக்கரியில் விடிகாலையிலிருந்து பத்து மணி வரை வேலை பார்க்கிற பொண்ணு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தபோது முழங்கால் தண்ணீரிலேயே அழுதவள். முதல் மாதம் கையில் அடுப்புத் தட்டு சுட்ட புண்ணோடு வந்து நின்றவளை, அக்கா ஒன்பது நாள் வாசலோடு திருப்பி அனுப்பினாள். ஒன்பது நாளும் வந்தாள் அந்தப் பொண்ணு. பத்தாம் நாள் அக்காவுக்கே பிடித்துப்போய், தானே கழுத்தைப் பிடித்துத் தண்ணீரில் மிதக்கவிட்டாள். இப்போது அவள் மீன் மாதிரி போகிறாள். இரண்டு பேரும் தேறினால் அக்காவுக்கு வேலை, அக்கா லீவு போடும் நாளுக்குப் பொண்ணு மாற்று ஆள். அக்கா தேறாமல் பொண்ணு தேறினால், குளத்துக்கு ஒரு பெண் காவலர்தான் என்பதால், முக்காலியில் அவள் உட்காருவாள்.

'எனக்கில்லை, நாற்பது பெண்களுக்காக' என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாற்பது பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படியும் கிடைத்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன. நன்றாகத் தெரியும். தன் இடம் போய்விடும் என்ற பயம்தான் அவளை ஆட்டிவைத்தது.

அவள் செய்த ஏற்பாடு இருக்கிறதே, அது குளத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டுமே தோன்றும். ரப்பர் நீச்சல் தொப்பி கிழிந்துவிட்டால் இவர்கள் தூக்கிப்போடுவதில்லை. உச்சியை வெட்டி எடுத்தால் குழாய் மாதிரி ஒன்று கிடைக்கும். ஒழுகுகிற பைப்பில் மாட்டுவார்கள், விரலில் கட்டுப்போட்டால் அதன்மேல் மாட்டுவார்கள். அக்கா தண்ணீர் புகாத பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் ஒன்றல்ல, இரண்டு தொப்பிக் குழாயை ஏற்றி, ஒரு வாளித் தண்ணீரில் காலை அரை மணி நேரம் வைத்துப் பார்த்தாள். எடுத்தால் உள்ளே பொட்டு ஈரமில்லை. அவளுக்கு ஒரே சந்தோஷம். வாளித் தண்ணீர் சும்மா கிடக்கும், குளத்தில் கால் அடிக்க வேண்டும் என்பதை, தண்ணீரிலேயே கிடந்த மனுஷி எப்படித்தான் மறந்தாளோ.

பரீட்சையன்று காலையில் மோட்டார் அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, இன்னைக்கு மருந்து கொஞ்சம் தூக்கலா போடுங்க. வெளியாளுங்க வர்றாங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வெளியாளுங்களுக்கா, உனக்கா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க?"

"நொண்டிக்கிட்டு வந்து நின்னா வேற எப்படிக் கேக்குறது. போடுறேன். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோ, மருந்து ஏறினா எரிச்சல்தான் ஏறும்."

ஒன்பதரை மணிக்குப் பரீட்சைக்காரர் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் நிறுத்துக் கடிகாரம், அட்டையில் செருகிய தாள்கள், பேச்சு அளந்துதான் வரும். பரீட்சைக்கு நாலே பேர். பக்கத்துக் குளத்திலிருந்து இரண்டு ஆண்கள், பேக்கரிப் பொண்ணு, அக்கா. பேக்கரிப் பொண்ணு பாதி ஷிஃப்ட்டில் கெஞ்சிக் கேட்டு ஓடி வந்திருந்தாள், காது மடலில் மாவு. அக்காவைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. "பயமா இருக்குக்கா" என்றாள். "தண்ணில இறங்கு, போயிடும்" என்றாள் அக்கா. அக்காவின் நீச்சல் உடை கணுக்கால் வரை மூடியிருந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் யாருக்கும் தெரியவில்லை.

"உடம்புல யாருக்காவது காயம், காய்ச்சல் உண்டா?" என்று தாளைப் பார்த்தபடியே கேட்டார் பரீட்சைக்காரர். நாலு பேரும் இல்லை என்றார்கள். நாலாவதாகச் சொன்னது அக்கா.

முதல் பரீட்சை, குளத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரு நீளம் என்று பதினாறு நீளம், பத்து நிமிஷத்துக்குள். முதல் எட்டு நீளம் ஒன்றும் தெரியவில்லை. ஒன்பதாவதில் காலில் கனம் கூடியது. ஒவ்வொரு உதையிலும் ரப்பருக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று ஆடுவது அவளுக்குத் தெரிந்தது. புகுந்துவிட்டது. புகுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் காயத்தின் மேலேயே நின்று ஊறியது. பன்னிரண்டாவதில் எரிச்சல் தொடங்கியது. மருந்தைத் தூக்கலாகப் போடச் சொன்ன வாய்க்கு நன்றாக வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நீந்தினாள். சுவரைத் தொட்டபோது ஒன்பது நிமிஷம் நாற்பத்தாறு விநாடி. போன வருஷத்தைவிட ஒரு நிமிஷத்துக்கு மேல் அதிகம். பரீட்சைக்காரர் ஒரு டிக் போட்டார்.

இரண்டாவது, ஆழப் பக்கத்தின் தரையிலிருந்து கனமான ரப்பர் கட்டியை எடுத்துவர வேண்டும். அக்கா மூழ்கினாள், கட்டியை மார்போடு அணைத்தாள், தரையில் இரண்டு காலையும் ஊன்றி எம்பினாள். எம்பிய அந்த நொடியில் கெண்டைக்காலில் ஏதோ ஒன்று மெல்லப் பிரிந்தது. சுருக்கென்ற வலிகூட இல்லை. வெதுவெதுப்புதான். மேலே வந்து மூச்சு வாங்கும்போது அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ரப்பர் இரண்டும் நழுவிக் கணுக்காலில் வந்து நின்றிருந்தன.

ஏறிவிடலாம், இப்போதே. அவள் ஏறவில்லை. இன்னும் ஒன்றுதான் பாக்கி. மயங்கிய ஆள் ஒருவரை ஒரு நீளம் இழுத்துக்கொண்டு வர வேண்டும். ஆண்கள் ஒரு ஜோடி, பெண்கள் ஒரு ஜோடி. ஆண்கள் முடித்து ஏறி, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்விட்டார்கள். பரீட்சைக்காரர் எதிர்ப் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தினார்.

முதலில் பொண்ணின் முறை. அக்கா மல்லாந்து படுத்து உடம்பைத் தளரவிட்டாள். பொண்ணு அவள் தாடையைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டாள். சுத்தமான இழுவை, முகத்தில் ஒரு துளி தெறிக்கவில்லை. இவளுக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே என்று அக்காவுக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் வயிற்றெரிச்சல். இரண்டும் உண்மைதான். பாதி வழியில் பொண்ணின் பிடி ஒரு கணம் இறுகியது. பின்னால் மிதந்து வரும் அக்காவின் காலைப் பார்த்துவிட்டாள். இழுப்பதை நிறுத்தவில்லை. நேரத்துக்குள் சுவரைத் தொட்டாள். பரீட்சைக்காரர் டிக் போட்டுவிட்டு, அக்காவின் முறைக்காக மறுபடி எதிர்ப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

"அக்கா, ரத்தம்."

"தெரியும். சத்தம் போடாத. மல்லாந்து படு, ஒரே நிமிஷம்."

"எப்பருந்து?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு. படுன்னா படு."

பொண்ணு படுக்கவில்லை. இரண்டு கையையும் விளிம்பில் ஊன்றி எம்பி ஏறி, தரையில் நின்றுவிட்டாள். உடம்பு முழுக்கச் சொட்டியது.

"நான் இறங்க மாட்டேன்கா."

"என் பொழப்புடி இது."

"தெரியும். அதனாலதான் மெதுவா சொல்றேன். நீங்க ஏறிடுங்க."

"ஓ. என் வேலை உனக்கு வேணும்."

பொண்ணு முகத்தில் வழிந்த தண்ணீரை வழித்துவிட்டாள். "வேணும்" என்றாள். "வேணாம்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இது அதுக்காக இல்ல. எல்லாரும் இறங்குற தண்ணி, புண்ணுலருந்து ரத்தம் வருது. என்னைய ஒன்பது நாள் உள்ள விடலையே நீங்க. எனக்கு அப்ப உங்க மேல அவ்வளவு கோவம். அப்புறம் கையில தழும்புகூட சரியா தெரியல."

அக்காவுக்கு வந்த ஆத்திரத்தில் அவளை ஒரு அறை விடலாம் போலிருந்தது. அதற்குள் எதிர்ப் பக்கத்திலிருந்து பரீட்சைக்காரர் குரல் கொடுத்தார்.

"என்னம்மா அங்க? ஏன் ஏறினீங்க?"

அவர் வேகவேகமாகத் திரும்பி வந்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். கூட்டாளிக்குப் படுக்காம ஏறினா உங்க பரீட்சையும் செல்லாது. தெரியும்ல?"

"தெரியும் சார்."

"உடம்புக்கு முடியலையா?"

"இல்ல சார்."

"அப்ப இறங்குங்க."

பொண்ணு அசையவில்லை. காட்டிக்கொடுக்கவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று ஒற்றைப் பிடியாக நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. பரீட்சைக்காரர் பேனாவைத் திறந்து அட்டையில் அவளுடைய தாளைத் தேடினார்.

அக்கா தண்ணீருக்குள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கில்லை என்றால் அவளுக்கும் இல்லை, நல்லதாப் போச்சு, அடுத்த வருஷம் வந்து என் இடத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. வரவில்லை என்று நான் சொன்னால் அது பொய். ஒரு வருஷம் பெண்கள் நேரம் இருக்காது, இல்லாமல் போகட்டுமே என்றுகூடத் தோன்றியது. பேனா தாளைத் தொட்டது. மேலே நிற்கிறவளின் ஈரப் பாதங்கள் இருந்த இடத்தைவிட்டு இம்மியும் நகராமல் நிற்பது அக்காவின் கண்ணுக்கு நேரே தெரிந்தது.

"சார், எழுதாதீங்க" என்றாள். "அவ மேல தப்பில்ல. என் கால்ல புண்ணு இருக்கு. மறைச்சுக்கிட்டு இறங்கினேன். இப்ப பிரிஞ்சு ரத்தம் வருது."

பரீட்சைக்காரர் குனிந்து பார்த்தார். தெளிந்த தண்ணீரில் அது மெல்லிய இழையாக இறங்கிக்கொண்டிருந்தது.

"காயம் உண்டான்னு கேட்டப்ப இல்லைன்னீங்களே."

"ஆமா சார்."

"இவங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. இழுக்கும்போதுதான் பார்த்தா."

அவர் அட்டையிலிருந்த தாள்களைப் புரட்டினார். பிறகு பேக்கரிப் பொண்ணின் தாளில் கையெழுத்துப் போட்டார். அக்காவின் தாளில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குத் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். தண்ணீரில் ரத்தம் விழுந்ததால் மருந்து அளவு பார்த்து, நாளைக் காலை வரை குளத்தை மூடிவைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மோட்டார் அறையைத் தேடிப் போனார்.

அக்கா படிக்கட்டு வழியாக ஏறி வந்து உட்கார்ந்தாள். உடையை முழங்கால் வரை சுருட்டி, ரப்பரை உருவி எறிந்தாள். காயம் பாதி நீளத்துக்கு வாய் திறந்து, ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. பொண்ணு துண்டோடு ஓடி வந்து மண்டியிட்டுக் கட்டப்போனாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு.

அக்கா துண்டைப் பிடுங்கித் தானே சுற்றிக்கொண்டாள்.

"நீ செஞ்சது சரிதான்" என்றாள். "ஆனா இப்ப உன் மூஞ்சில முழிக்க என்னால முடியல. கொஞ்ச நாள் ஆகட்டும். போய் முகத்தைக் கழுவிக்கோ."

பொண்ணு எழுந்து போனாள். அக்கா தங்கைக்குப் போன் போட்டு, "வந்து கூட்டிக்கிட்டுப் போ, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு" என்றாள். மணி பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம்.

வாசலில் பெண்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் பையும் துண்டுமாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா நொண்டிக்கொண்டே போய்க் கதவைப் பாதி திறந்தாள்.

"இன்னைக்குக் குளம் கிடையாது. நாளைக்கு வாங்க."

"என்னக்கா ஆச்சு? கால்ல என்ன கட்டு?"

"நான் செஞ்ச தப்புதான். நாளைக்கு வாங்க, பதினோரு மணிக்கு எப்பவும் போல இருக்கும்."

முன்னால் நின்ற வங்கி மேனேஜரம்மா பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "நீங்க இருப்பீங்கல்ல?" என்று கேட்டார்.

"ஆள் இருக்கும்" என்றாள் அக்கா. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.